ஃபோகஸ் சரியில்லீங்ணா

மங்கலம் ரோட்டில் வெள்ளியங்கிரி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ் எங்கே என்று கேட்டால் எவனும் போர்டைக் காட்ட மாட்டான். "சத்தம் எங்க கேக்குதோ, அங்கதானுங்க" என்பான். அந்தச் சத்தம் ஹார்ன் சத்தம் இல்லை. என் வாய்.

எனக்குக் கோபம் வரும். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு பனியன் கம்பெனி முதலாளி பழைய வயரில் நூறு வாட் பல்பை மாட்டி, வயர் உருகி, கருகிய நாற்றத்தோடு கடைக்கு வந்தார். "ஏனுங்க, உங்க கம்பெனில நாலு நிட்டிங் மிசினுக்கு ஒரே பிளக்குல கரண்ட் எடுப்பீங்களா? இங்க மட்டும் எடுப்பீங்களாக்கும்?" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மனிதர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த மாதம் தன் மச்சானையும் என்னிடமே அனுப்பி வைத்தார்.

எங்கள் பக்கத்துச் சனங்கள் மரியாதைக்காரர்கள். திட்டுவதென்றாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால், "பாக்கலாமுங்க" என்பார்கள். அது என்ன 'பாக்கலாம்' என்று புரிந்துகொள்ளப் பத்து நாளாகும். என்னிடம் அதெல்லாம் கிடையாது. பத்து நிமிஷத்தில் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். என் மனைவி கலைமகள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். "ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் ஃபியூஸ் போடறீங்க. உங்க வாய்க்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதுங்களா?" என்று கேலி செய்வாள்.

ஒரே ஒரு தடவை போட்டுக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசி மாசம். தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு மத்தியானம் கறுப்பு அம்பாசிடர் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. மார்க் டூ, அறுபத்தெட்டு மாடல். பம்பரில் முகம் பார்க்கலாம். அப்படித் துடைத்து வைத்திருந்தார்கள். டேஷ்போர்டில் பழனி முருகன் படம். அறுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை வேட்டியில் ஒருவர் இறங்கினார். பெயர் ரத்தினசாமி. சாமளாபுரத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர்.

"ஹெட்லைட்டு மங்கலா எரியுதுங்க" என்றார்.

"எத்தன நாளா?"

"ஆறு மாசமா இருக்குமுங்க."

"ஆறு மாசமா! அதுவரைக்கும் என்ன, தீப்பந்தம் புடிச்சுட்டு ஓட்டுனீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். இவர்தானா என்று சரிபார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் வெடியால அஞ்சு மணிக்குக் கெளம்போணுமுங்க. என்ற சம்சாரத்துக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சு. கோயமுத்தூர்ல டயாலிசிஸ். ஆறரைக்கு மொத ஷிப்டு. அந்நேரத்துக்கு ஒரே இருட்டா இருக்குதுங்க."

"வாடகைக் காரு வெச்சுக்கலாமில்லீங்ணா? இந்த வயசுல இருட்டுல என்னத்துக்கு?"

"அவ ஏற மாட்டாளுங்க. திரும்பி வாறப்ப வழியெல்லாம் வாந்தி. அடுத்தவங்க வண்டிய அசிங்கம் பண்றதான்னு கேக்கறா. நம்ம காருன்னாத்தான் பின்னால படுத்துட்டு வருவா."

பின் சீட்டைப் பார்த்தேன். ஒரு தலையணை, மஞ்சள் பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் துடைப்பதற்காகப் பனியன் வேஸ்ட் துணி ஒரு கட்டு. துணியைக்கூட மடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குக் கத்துகிற எண்ணம் போய்விட்டது.

மீட்டரை எடுத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பதின்மூன்றரை வோல்ட். பல்புக்கு வந்து சேர்ந்தது பத்து. பாக்கி மூன்றரை வோல்ட்டை வழியிலேயே வயர் தின்றுவிட்டது. அந்தக் காலத்துக் கார்களில் ரிலே கிடையாது. ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச், காலில் மிதிக்கிற டிம் சுவிட்ச் எல்லாம் சுற்றித்தான் போகவேண்டும். முப்பத்தைந்து வருஷத்து வயர். உள்ளே செம்பு பச்சையாகிக் கிடந்தது.

"ரிலே போட்டுடலாமுங்ணா" என்றேன். "பேட்டரில இருந்து தடிச்ச வயரு நேரா ரிலேக்கு, அங்கிருந்து பல்புக்கு. உங்க பழைய சுவிட்சு இனி சூப்பர்வைசரு மாதிரி. மூட்டையத் தூக்க வேண்டாம், சொன்னாப் போதும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் எரியவேண்டுமே என்று நாலு ஃபியூஸ் தனித்தனியாக. எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் முடுக்கினேன். புது ரிஃப்ளெக்டர், அறுபது வாட் ஹாலஜன் பல்பு. பொழுது சாய்ந்ததும் எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தால், சுவரில் ஒட்டியிருந்த பழைய தேர்தல் நோட்டீஸில் பிரஸ் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. மீட்டரில் பதின்மூன்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கலைமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அம்பாசிடர் திரும்பி வந்தது.

"இன்னும் கொஞ்சம் மங்கலாத்தானுங்க இருக்குது" என்றார் ரத்தினசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வந்ததே எனக்கு! "என்ற வேலைல மங்கலா? மீட்டரு பாருங்க, பதிமூணு காட்டுது. இதுக்கு மேல வேணுமுன்னா சூரியனத்தானுங்க புடிச்சுக் கட்டோணும்!" என்று குதித்தேன். குதித்தாலும் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு குறையும் இல்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அதே சொல்லோடு வந்து நின்றார்.

மூன்றாம் தடவை வந்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவன்மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் வந்திருந்தார்கள். அன்று அந்த அம்மாவும் கூட இருந்தார். பெயர் மருதம்மாள். பின் சீட்டில் தலையணைமேல் சாய்ந்திருந்தார். முகமும் கால்களும் வீங்கி, நெற்றியில் திருநீறு. "தம்பி நல்லா இருக்கறீங்களா? உங்க வேலயப் பத்தித்தான் ஊட்டுல எப்பவும் பேச்சு" என்றார்.

மணி ஏழு. இருட்டியிருந்தது. "வண்டிய எடுங்ணா. நானும் வர்றன். எங்க மங்கலா இருக்குதுன்னு எனக்குக் காட்டுங்க" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மங்கலம் ரோட்டில் போனோம். வெளிச்சம் பாலாக விழுந்தது. ஓரத்தில் நின்ற வேப்ப மரத்தின் இலையைக்கூட எண்ணலாம். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து மெல்லிய குரல்.

"சைக்கிளுங்க. லெப்டுல."

கார் லேசாக வலது பக்கம் ஒதுங்கியது. கம்பெனி விட்டுப் போகிற ஒருவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். நான் அவனை ரொம்பத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அந்த அம்மா சொன்ன பிறகுதான் ஸ்டியரிங் திரும்பியது.

"ஆடு ரெண்டு போகுதுங்க. கொஞ்சம் மெதுவா."

கார் மெதுவானது.

"ஜல்லி கொட்டிருக்கறாங்க. ரைட்டுல ஒடிங்க. இன்னும் கொஞ்சம். ம், போதுமுங்க."

ஜல்லிக் குவியல் என் லைட்டில் பட்டப்பகலாகத் தெரிந்தது. ஆனால் ரத்தினசாமி நேராக அதை நோக்கித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். குரல் வந்த பிறகு ஒடித்தார். அடக் கெரகமே! மங்கலாக இருப்பது லைட்டு இல்லை. இந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை. வாரம் இரண்டு நாள், லாரியும் பஸ்சும் சீறிக்கொண்டு வருகிற கோயமுத்தூர் ரோட்டில், அந்த இருட்டில், இப்படியா ஓட்டிக்கொண்டு போகிறார்?

"ஏனுங்ணா, லைட்டுல ஒரு..." என்று வாயைத் திறந்தேன்.

அவர் காரை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. "சொல்லுங்க தம்பி. எதுன்னாலும் சொல்லுங்க" என்றார்.

நான் பின்னால் திரும்பினேன். மருதம்மாள் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஊரே கேட்கும்படி கத்துகிறவன் நான். ஆனால், பெண்டாட்டிக்கு முன்னால் ஒரு ஆம்பளையிடம், உனக்குக் கண் போய்விட்டது, இவளை இனி உன்னால் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று எப்படிச் சொல்வது? அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

"ஃபோகஸ் சரியில்லீங்ணா" என்றேன். "கொஞ்சம் மேல பாக்குது. பாத்துடலாமுங்க."

அவர் உடனே காரை எடுக்கவில்லை.

"ஃபோகஸுங்களா" என்றார்.

"ஆமாங்க."

"சரிங்க" என்று காரைத் திருப்பினார்.

அன்றைக்கு அவர்களை இருட்டில் அனுப்ப எனக்கு மனமில்லை. நானே ஓட்டிக்கொண்டு போய்ச் சாமளாபுரத்தில் விட்டுவிட்டுக் கடைசி டவுன் பஸ்ஸில் திரும்பினேன். ஃபோகஸ் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன் என்று அதற்கும் ஒரு பொய்.

மறுநாள் கடைக்குப் போன் வந்தது. மருதம்மாள். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது என்று அங்கே நின்று பேசினார் போல.

"தம்பி, நேத்துப் பாத்துட்டீங்கள்ல?"

"பாத்தனுங்க்கா. எத்தன நாளா இப்படி?"

"ஆறு மாசமா நாந்தானுங்க ரோடு பாக்கறன். நான் கண்ணசந்தா ரெண்டு பேரும் போயிருவமுங்க. நான் போனாப் போறன். அவரும் எதுக்குங்க?" மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியுமுன்னு அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. நீங்க ஒரு ஒதவி பண்ணோணும். வயரிங் வேல இருக்குதுன்னு சொல்லிக் காரப் புடிச்சு நிறுத்திப்போடுங்க. கேக்கறப்பெல்லாம் இன்னும் ஆகலீன்னு சொல்லுங்க."

"நீங்க ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க?"

"எங்கண்ணன் மகன் வேன் வெச்சிருக்கறான். அவன் வந்து கூட்டிட்டுப் போறன்னு சொல்லிட்டான். சொந்தக்காரப் பையன்தானுங்க, வாந்தி எடுத்தாலும் ஒண்ணும் நெனைக்க மாட்டான். நீங்க அதப் பத்தி வெசனப்படாதீங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. யார் மனதும் நோகாமல் காரியம் முடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நாகரிகமாக நடந்துகொண்டேன் என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒரு தடவை அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, புதன்கிழமை பகலில் ரத்தினசாமி காரைக் கொண்டுவந்து விட்டார். வயரிங் முழுக்க மாற்றவேண்டும், சுவிட்ச் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும் என்று சொன்னேன். நான் சொல்வதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"எத்தன நாளாகுமுங்க?"

"பத்து நாளாவது ஆகுமுங்ணா."

"பத்து நாளுங்களா." அப்படியே நின்றார். கார் மேல் கையை வைத்தார், எடுத்தார். "வேற ஏதாவது சொல்லோணுமுங்களா?"

"வேறென்னங்க? எல்லாம் நான் பாத்துக்கறன்."

"சரிங்க" என்று சொல்லி பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தார். "நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க" என்றார்.

"அதுக்குள்ள ஆகாதுங்ணா. சுவிட்சு இன்னும் வரலீங்க."

"அப்படீங்களா" என்றார். "சரிங்க தம்பி."

திங்கள் சாயங்காலம் மறுபடியும். "நாளைக்குச் செவ்வாக்கெழமைங்க."

"இன்னும் ஒரு நாலு நாளு பொறுத்துக்கங்ணா."

"சரிங்க."

அடுத்த வியாழக்கிழமையும் அதே மாதிரி. "நாளைக்கு வெள்ளிங்க." இந்தத் தடவை குரல் தழுதழுத்தது. அண்ணன் மகன் வேன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்கு இப்படித் தொணதொணக்கிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "ஆகலீங்ணா" என்று சொல்லி வைத்தேன்.

கலைமகள்தான் ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள். "அந்தக்கா வேன்ல போறாங்களா?"

"ஆமா. அண்ணன் மகன்."

"நீங்க பாத்தீங்களா?"

"என்னத்தப் பாக்கறது? அவங்களே சொன்னாங்க."

அவள் ரசம் ஊற்றினாள். கேட்டிருக்கலாம். ஒரு போன். எவனாவது பல்பை மாற்றிப் போட்டால் அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து விசாரிக்கிற எனக்கு, அந்த ஒரு போன் போடத் தோன்றவில்லை. கார் என் கடையில் பத்திரமாக நிற்கிறது, இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு. வேலை இல்லாத காரிலும் வேலை செய்துகொண்டிருந்தேன். வயரையெல்லாம் அழகாகக் கட்டினேன். ரிலேக்கு ஒரு தகர மூடிகூடச் செய்தேன்.

பத்தாவது நாள், சனிக்கிழமை மத்தியானம், சாமளாபுரத்துக்கு நூல் ஏற்றிப் போகும் டெம்போக்காரன் ஒருவன் ஹார்ன் சரிசெய்ய வந்தான். அம்பாசிடரைப் பார்த்ததும், "இது ரத்தினசாமி அண்ணன் வண்டிதானுங்க? பாவமுங்க, அந்தக்கா இன்னிக்கு வெடியால தவறிட்டாங்க" என்றான்.

கையிலிருந்த டெஸ்ட் லாம்பு கீழே விழுந்து உடைந்தது.

அம்பாசிடரை எடுத்துக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. டிவிஎஸ் ஐம்பதில் போனேன். தறி எதுவும் ஓடவில்லை. அந்தத் தெருவே ஊமையாகக் கிடந்தது. உள்ளே மருதம்மாளைப் படுக்க வைத்திருந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெரியாத்தாள் அழுதுகொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ போகலீங்க. போன வெள்ளிக்கெழம வாசல்ல டாக்ஸியே வந்து நின்னுச்சு. ஏற மாட்டேன்னுட்டா. ரெண்டு தடவ உட்டா ஒண்ணும் ஆகாது, எங்க காரு வரட்டும், எங்க காருலதான் போவன்னு ஒரே புடிவாதம். செவ்வாக்கெழமையும் டாக்ஸி வந்துச்சு, திருப்பி அனுப்பிச்சுட்டா. நேத்துப் பொழுதோட மூச்சு இழுத்துருச்சு. அதுக்கப்பறம் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. வெடியறதுக்குள்ள முடிஞ்சுதுங்க."

"அண்ணன் மகன் வேன்ல போறாங்கன்னு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெரியாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணனா? அவ ஒத்தப் புள்ளைங்க. அவளுக்கு அண்ணனுமில்ல, தம்பியுமில்ல."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ரத்தினசாமி ஒரு மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டேன். என்னைப் பார்த்தாரா, இல்லையா என்று தெரியவில்லை. வரும் வழியெல்லாம் வண்டியிலேயே அழுதேன். வீட்டுக்கு வந்து, எதற்கென்றே இல்லாமல் கலைமகளைத் திட்டினேன். அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் ரத்தினசாமி கடைக்கு வந்தார். பஸ்ஸில்தான். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா போன் செய்தது, வேன் என்று சொன்னது, வேலையே இல்லாமல் காரை நிறுத்தி வைத்தது, சுவிட்ச் வரவில்லை என்று மூன்று தடவை பொய் சொன்னது, எல்லாம்.

"உங்க கண்ணுதாங்ணா. லைட்டு இல்லீங்க. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் அம்பாசிடர் பக்கம் திரும்பினார். பிறகு, "அவளுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"தெரிஞ்சுதானுங்க ரோட்டச் சொல்லீட்டே வந்தாங்க."

"கண்ணாலமான நாள்ல இருந்து அவ அப்படித்தானுங்க. பயந்தாங்கொள்ளி. வண்டில ஏறுனா சைக்கிளு, மாடுன்னு சொல்லீட்டேதான் வருவா. நானும் பழக்கத்துல சொல்றான்னே நெனச்சுப்போட்டன்." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "ஆடி மாசமே கண்ணாஸ்பத்திரில சொல்லிட்டாங்க தம்பி. நரம்பு போயிருச்சு, இருட்டுல வண்டி தொடாதீங்கன்னு."

"தெரிஞ்சேதானுங்களா லைட்டு மங்கலுன்னு என்றகிட்ட வந்தீங்க?"

"உங்ககிட்டத்தானுங்க வந்தேன். சாமளாபுரத்துல எலக்ட்ரீசியன் இல்லீங்களா? மங்கலம் ரோட்டுல ஒருத்தரு இருக்கறாரு, மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவாரு, யாரு எவருன்னு பாக்க மாட்டாருன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"நானாச் சொன்னா அவ தாங்க மாட்டாளுங்க. என்னக் கூட்டிட்டுப் போயித்தான் உங்களுக்குக் கண்ணு போச்சு, இனி ஆஸ்பத்திரியே வேண்டாமுனு படுத்துக்குவா. அதே நீங்க அவ முன்னால சத்தம் போட்டு, யோவ், உனக்குக் கண்ணு தெரியல, காரு குடுக்க மாட்டேன் போன்னு தொரத்தி உட்டிருந்தீங்கன்னா..." கையால் ரோட்டைக் காட்டினார். "ரெண்டு பேரும் சேந்து உங்களத் திட்டிக்கிட்டே டாக்ஸில போயிருப்பமுங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னார்.

"அன்னிக்கு என்கூட வண்டில ஏறுனீங்க. சரி, இன்னிக்குச் சொல்லிப்போடுவாருன்னு ஓரங்கட்டி நிறுத்துனன். வாயத் தொறந்தீங்க. அப்பறம் ஃபோகஸுன்னீங்க." தலையைக் குனிந்துகொண்டார். "போன் பண்றப்பெல்லாம் அவ பக்கத்துலயேதானுங்க உக்காந்திருந்தா. காரு இனி வராதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டாக்ஸில ஏற மாட்டேன்னு சொல்றதுக்கு அவளுக்கு வேற சாக்கு இருந்திருக்காதுங்களே தம்பி."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளில் கையை வைத்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க? நல்லது நெனச்சுத்தானுங்க பண்ணுனீங்க" என்றார். நாயே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போகும்போது, "லைட்டப் போடுங்க, பாக்கலாம்" என்றார். போட்டேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. காருக்கு நேர் முன்னால் போய் நின்றார். வெளிச்சம் வேட்டி சட்டையெல்லாம் அடித்தது. "நல்ல வெளிச்சமுங்க. சுத்தமான வேல" என்றார். கார் இனி வேண்டாம், யாராவது நல்லபடியாக வைத்துக்கொள்கிறவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து மஞ்சள் வாளியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் எதிர்ப் பக்கம். கம்பெனிகள் விடுகிற நேரம். வாளியைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் போய் நின்றார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். மங்கிய வெளிச்சத்தில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. காலை எடுத்து வைக்கப் போனார். நான் ஓடினேன்.

"சைக்கிளுங்க" என்றேன். "லெப்டுல."

கத்தவில்லை. என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது, மெதுவாக. அவர் எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தார். சைக்கிள் கடந்து போனது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வாளியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த ரோட்டோரத்தில், சின்னக் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

பின்னாலேயே ஒரு லாரி வந்தது. அதையும் சொன்னேன். அப்புறம் அவர் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டேன்.